படத்தில் இருக்கும் கால்

இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டுங்கள், தம்பி. இன்னும். காலால் துழாவாதீர்கள், குனிந்து பார்த்தே வையுங்கள். முதல் தடவை எல்லோரும் இப்படித்தான் தேடுவார்கள். ஆங், அதேதான். இப்போது இடது கால். எப்படி இருக்கிறது? சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இல்லையா? க்ரூஸர் மோட்டார் சைக்கிளில் அதுதான் சுகம்.

கால் வைக்கிற போர்டா? ஆமாம், விளம்பரத்தில் போட்ட படத்தில் போர்டு இருந்தது. பொய்ப் படம் போட்டு வரவழைத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது பழைய படம். இந்த வாசலில் எடுத்தால் வண்டி இருட்டடித்துப்போகிறது. அது ஏற்காட்டில் எடுத்தது, நல்ல வெயில், டேங்க் பளபளவென்று விழுந்திருந்தது. மேலே உட்கார்ந்திருந்த ஆளை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். இடுப்பு வரைக்கும் வெட்ட முடிந்தது. காலை வெட்டினால் இஞ்சினும் சேர்ந்து போகிறது. அதனால் கால் மட்டும் நின்றுவிட்டது.

அந்தக் கால் என்னுடையது இல்லை. என் தங்கை வீட்டுக்காரருடையது.

போர்டு எங்கேயும் போகவில்லை. அதோ, மீட்டர் பெட்டிக்குக் கீழே சாக்கு இருக்கிறது பாருங்கள், அதற்குள்தான் இரண்டும் இருக்கின்றன. அதற்கான கியர் லிவரும் உள்ளேயே கிடக்கிறது. வண்டியோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். நான் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன். விலையைப் பிறகு பேசுவோம். முதலில் இறங்கி இந்த நாற்காலியில் உட்காருங்கள். ஓமலூரிலிருந்து வெயிலில் வந்திருக்கிறீர்கள். வசுமதி, தம்பிக்கு மோர் கொண்டு வா.

பெக் நல்லதா, போர்டு நல்லதா என்றுதானே போனில் கேட்டீர்கள்? போனில் சொல்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் நேரில் வாருங்கள் என்றேன்.

பெக் என்றால் இந்தச் சின்னக் கட்டை, உள்ளங்காலின் நடுப்பாகம் மட்டும் இதில் நிற்கும். போர்டு என்றால் பலகை. பாதம் முழுவதையும் செருப்புக்கடையில் வைக்கிற மாதிரி வைத்துவிடலாம். தூரம் போனால் போர்டுதான் சுகம், நான் மறுக்கவில்லை. காலை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் போர்டு தாழ்வாக இருக்கும். வளைவில் வண்டியைச் சாய்த்தால் தரையில் உரசும். கர்ரென்று ஒரு சத்தம் வரும். பெக் என்றால் கொஞ்சம் உயரம், உரசாது. பார்வைக்கும் வண்டி இளசாகத் தெரியும். நான் பெக் போட்டது இந்த இரண்டு காரணத்துக்காகத்தான். வேறு காரணம் எதுவும் கிடையாது.

என் தங்கையும் கழற்றச் சொன்னாள். நானாகச் செய்யவில்லை.

மாப்பிள்ளை பெயர் செங்கோட்டுவேல். மின்வாரியத்தில் லைன்மேன். இந்தப் பக்கம் அம்மாபேட்டை முழுக்க அவர் ஏறாத கம்பம் இல்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் ஏறியிருக்கிறார், கால் வழுக்கிவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது. இடது கணுக்காலில் கம்பி வைத்து எலும்பை ஒட்டிவிட்டார்கள். நடப்பார், நின்று வேலை பார்ப்பார், எல்லாம் சரி. கணுக்கால் மட்டும் மடங்காது. மரக்கட்டை மாதிரி நிற்கும். அப்புறம் கம்பம் ஏது? செக்‌ஷன் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை கொடுத்தார்கள். கரண்ட் போனால் நாம் கூப்பிடுகிறோமே, அந்த போன். என் தங்கையின் ஸ்கூட்டரில்தான் ஆபீஸ் போய்வருவார். அதில் கியர் இல்லை அல்லவா. மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. கியர் போட கணுக்கால் ஆட வேண்டுமே. அவரிடம் இருந்த வண்டியை அந்த வருஷமே கொடுத்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் அவர் வண்டியில் வந்து இறங்குகிறதைப் பார்க்க வேண்டும். தெருமுனையில் சத்தம் கேட்டாலே பூங்கோதை வாசலுக்குப் போய்விடுவாள். பூங்கோதைதான் என் தங்கை.

நான் ஜவ்வரிசித் தரகு பார்க்கிறேன். ஆலைக்கும் வியாபாரிக்கும் நடுவில் நிற்கிற தொழில். நாள் முழுக்க அந்தப் பக்கம் ஒரு பேச்சு, இந்தப் பக்கம் ஒரு பேச்சு. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆசை வந்தது, இந்த வண்டியை வாங்கினேன். செகண்ட் ஹேண்ட். வாங்கும்போதே போர்டு இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. மார்ட்டின் என்று நம்ம மெக்கானிக், அன்றைக்கே அவரிடம் சொன்னேன், "இதைக் கழட்டிட்டு பெக் போட்டுக் குடுப்பா" என்று. "சாமான் வரட்டும் சார்" என்றார்.

அந்தச் சாமான் வருகிற இடைவெளியில்தான் மாப்பிள்ளை வண்டியைப் பார்க்க வந்தார்.

சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். நான் சும்மா உபசாரத்துக்கு, "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க மாப்ள" என்றேன். ஓட்ட முடியாத மனிதரிடம் அப்படித்தானே சொல்வோம். சாப்பிட்டுவிட்டு வந்தவரிடம் சாப்பிடுங்கள் என்று சொல்வதில்லையா? அவர் சாவியைத் திருகிவிட்டார். பூங்கோதை, "ஹெல்மெட் போடாம எங்க போறீங்க, உங்களத்தான்" என்று கத்துகிறாள். வண்டி தெருவைத் தாண்டிவிட்டது. நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். இரண்டாவது கியர் விழுகிறது. மூன்றாவது விழுகிறது. எப்படி?

திரும்பி வந்தவர் இறங்கவில்லை. "மச்சான், குதிகாலுல விழுது மச்சான்" என்றார். "மிதிச்சாப் போதும். குதிகாலுல மிதிச்சா ஏறுது, முன்னாடி மிதிச்சா இறங்குது. கணுக்காலே வேண்டியதில்ல. குதிகாலுல விழுது மச்சான்."

அதுதான் விஷயம். போர்டு வண்டிக்கு கியர் லிவர் இரண்டு பக்கமும் இருக்கும், தராசு மாதிரி. மற்ற வண்டிகளிலும் அப்படி லிவர் உண்டு. ஆனால் பெக்கில் கால் ஊன்றியிருக்கும்போது கணுக்காலைத்தான் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். போர்டில் அப்படி இல்லை. காலைத் தொடையிலிருந்தே தூக்கி வைத்து மிதிக்கலாம், பாதம் திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்துகொள்ளும். நான் இதை யோசித்ததே இல்லை. எனக்கென்ன, இரண்டு கணுக்காலும் ஆடுகிறது.

மார்ட்டினுக்கு போன் போட்டு, பெக் இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னேன். இதையும் நீங்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நானேதான் வேண்டாம் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

மோர் குடியுங்கள். பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், என் வீட்டுக்காரி கை அப்படி.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏற்காடு போனோம். முதலில் நான் ஏற்றத்தில் ஓட்டுவேன், அவர் இறக்கத்தில் ஓட்டுவார். பிறகு இரண்டு பக்கமும் அவரே ஓட்ட ஆரம்பித்தார். அவர் கேட்கவில்லை. நான்தான், "நீங்களே ஓட்டுங்க மாப்ள, எனக்கு இடுப்பு வலிக்குது" என்றேன். ஒரு தடவை சொன்னேன். அதையே வழக்கமாக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

நன்றாக ஓட்டுவார். அதில் சந்தேகமில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் நான் வண்டியைச் சாய்ப்பேன். அவர் உடம்பை மட்டும் உள்பக்கம் சரித்துக்கொள்வார், வண்டி நிமிர்ந்தே திரும்பும். பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு வளைவு வந்ததே தெரியாது. மரங்கள் மட்டும் பக்கம் மாறும். வண்டியை விட்டு இறங்கும்போது அவர் கை தானாக டேங்குக்கு அடியில் போகும். பெட்ரோல் காக் அங்கேதான் இருக்கிறது, உங்களுக்குச் சொல்ல மறந்தேன். வண்டியை நிறுத்தியதும் அதை மூடிவிட வேண்டும். திறந்தே விட்டால் கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் சொட்டும், வாசலெல்லாம் நாறும். நான் எப்போதும் மறந்துவிடுவேன். அவர் மறந்ததில்லை.

மேலே ஏரிக்கு முன்னால் லூர்தக்கா டீக்கடை. அங்கேதான் எல்லோரும் நிறுத்துவார்கள், பெங்களூர்ப் பையன்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், பெரிய பெரிய வண்டிகள். எல்லோரும் மாப்பிள்ளையிடம்தான் கேட்பார்கள், அண்ணா மைலேஜ் என்ன தருது, எந்த வருஷத்து வண்டி, செயின் எப்ப மாத்தினீங்க என்று. அவரும் நின்று விளக்குவார். நான் டீயை ஆற்றிக்கொண்டிருப்பேன். வண்டி என் பெயரில் இருக்கிறது. ஆர்சி புத்தகத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டா நிற்க முடியும்?

ஒரு நாள் லூர்தக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டே மாப்பிள்ளையிடம், "ஓனரு, உங்களுக்கு சக்கரை கம்மி. பின்சீட்டு சாருக்கு எப்படி?" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அவர் கம்பத்திலிருந்து விழுந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். "பின்சீட்டுக்கு சக்கரை தூக்கலா போடுக்கா" என்று நானே சொன்னேன். எனக்கு அதெல்லாம் மனதில் நிற்காது.

அடுத்த வாரம் ஏற்றத்தில் நான் ஓட்டினேன். நானே கேட்டு வாங்கி ஓட்டினேன். பதினோராவது வளைவில் போர்டு உரசியது. கர்ரென்று சத்தம், நெருப்புப் பொறி பறந்தது என்று பின்னால் வந்தவன் சொன்னான். அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது, இந்தப் போர்டு ஆபத்து என்று. நீங்களே சொல்லுங்கள், குடும்பம் உள்ளவர்கள் நாங்கள். உரசுகிற வண்டியில் ஒருவரை எப்படி ஓட்டவிடுவது?

பூங்கோதையிடம் போய்ச் சொன்னேன். சொல்ல வேண்டியது கடமை இல்லையா? அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "போர்டு தரையில உரசுதும்மா. ஆபத்து. கழட்டிட்டு பெக் போட்டுடலாம்னு பாக்குறேன்" என்றேன்.

"அப்புறம் அவரால ஓட்ட முடியாதேண்ணா."

"முடியாதுதான். உசுரு முக்கியமா, ஓட்டுறது முக்கியமா?"

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள், "ஞாயித்துக்கிழம போயிட்டு வந்தா செவ்வாக்கிழம வரைக்கும் மனுஷன் பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கிறாருண்ணா. பக்கத்து வீட்டுல கேக்குறாங்க." அதைச் சொல்லும்போது மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு கேட்டாள், "அவரு ஓட்டும்போதும் உரசுதாண்ணா?"

"யாரு ஓட்டினாலும் உரசும்" என்றேன்.

வண்டியின் அமைப்பைத்தான் சொன்னேன். பொதுவாகச் சொன்னேன். போர்டு என்றால் தாழ்வு, தாழ்வு என்றால் உரசும், அதுதானே பொருள். அவர் ஓட்டி அதுவரை உரசவில்லை என்பது வேறு விஷயம். நாளைக்கு உரசாது என்று யார் உத்தரவாதம் தருவது?

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுந்தவள் இல்லையா. "அப்படின்னா கழட்டிடுண்ணா" என்றாள். "நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன்.

மார்ட்டினிடம் கொண்டு போனேன். அவர் போர்டின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மாப்ள சாரு ஓட்ட மாட்டாரே, சார்?"

"அவருகிட்டயும் சொல்லியாச்சு" என்றேன்.

"வேணும்னா ஒண்ணு பண்ணலாம். பெக்க மாட்டிட்டு, பழைய லிவரையே கொஞ்சம் வளச்சு வெல்டு வெச்சுத் தர்றேன். குதிகாலுக்கு எட்டும். ஒரு சின்னத் தகடு வெச்சா காலும் நிக்கும். பாக்க அவ்வளவு லட்சணமா இருக்காது."

லட்சணமாக இருக்காது என்று அவரே சொல்லிவிட்டார். அசிங்கமாக இருக்கிற வண்டியை எதற்கு வைத்துக்கொள்வது? வேண்டாம் என்றேன். நீங்களும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். சொல்லியிருக்க மாட்டீர்களா? சரி. உங்களுக்கு வண்டி புதிது.

அந்த ஞாயிறு மாப்பிள்ளை வழக்கம்போல் வந்தார். ஷூ போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. படத்தில் பார்த்தீர்களே, அந்தக் கறுப்பு ஷூ, இந்த வண்டிக்காக வாங்கியது. நான் சாவி எடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். சாவி என் பையில்தான் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, ஜன்னல் அங்கே இருக்கிறது.

வண்டியில் உட்கார்ந்தார். இடது காலை பெக்கில் வைத்தார். புது லிவரில் குதிகால் பக்கம் கிடையாது. ஷூ நுனியை லிவருக்கு அடியில் நுழைத்து மேலே தூக்கிப் பார்த்தார். வரவில்லை. முழங்காலை வெளியே விரித்து, முழுக்காலையும் சேர்த்துத் தூக்கினார். கியர் ஒன்று விழுந்தது. கால் பெக்கை விட்டுப் போய் காற்றில் தொங்கியது. திரும்ப வைக்கத் துழாவினார், உங்களை மாதிரிதான். கிடைக்கவில்லை. கடைசியில் குனிந்து, கையால் காலைப் பிடித்து எடுத்து வைத்தார்.

நான் வெளியே வந்தபோது இறங்கி நின்றுகொண்டிருந்தார். "நல்லாருக்கு மச்சான். வண்டி இளசாயிடுச்சு" என்றார்.

"போர்டு உரசுது மாப்ள. அதான்."

"ஆமாங்க மச்சான். உரசத்தான் செய்யும்."

பின்சீட்டின் காலடிக் கட்டையைக் காலால் தட்டி விரிப்போம் இல்லையா, அவர் குனிந்து கையால் விரித்துவிட்டு ஏறிக்கொண்டார். வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

அடிவாரம் தாண்டினோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேன். காட்டுப்பன்றி, மழை, கிழங்கு விலை, என்னென்னவோ. பதினோராவது வளைவில் உரசியது.

பெக்தான். அதே இடம், அதே சத்தம்.

நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து சொன்னார், "கல்லு ஏதாவது கெடந்திருக்கும் மச்சான்."

"ஆமா மாப்ள, கல்லுதான்" என்றேன்.

நீங்கள் பயப்படாதீர்கள். உங்களுக்கு உரசாது. அந்தச் சாலையில் அந்த வளைவு ஒரு மாதிரி.

லூர்தக்கா டீயை நீட்டிக்கொண்டே, "என்ன ஓனரு, இன்னிக்குப் பின்னாடி?" என்று கேட்டாள். மாப்பிள்ளை டம்ளரை வாங்கி என்னிடம் கொடுத்தார். "ஓனரு அவருதாங்க்கா. நான் கூட வர்றவன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். உண்மையும் அதுதானே? லூர்தக்கா என்னைப் பார்த்து, "அப்படியா சார், தெரியாமப் போச்சே" என்றாள். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. பால் திரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. ஞாயிறு டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாராம். பூங்கோதைதான் சொன்னாள். "ஆள் பத்தலையாம்ணா. இவருதான் போறாரு." பாட்டு பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "கழட்டினதும் நல்லதுக்குத்தாண்ணா. இல்லேன்னா எனக்கு வயித்துல நெருப்புதான்" என்றாள். பாருங்கள், அவளே சொல்கிறாள்.

நான் தனியாக ஒரு தடவை ஏற்காடு போனேன். அடிவாரம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். பிறகு போகவில்லை. கடைக்கு எடுத்துப்போவேன், அவ்வளவுதான்.

மறுபடி போர்டு மாட்டியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். வசுமதியும் கேட்டாள். அரை மணி நேர வேலைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாமாகப் போய் மாட்டினால், கழற்றியது தப்பு என்று ஆகிவிடும் இல்லையா? அவர் ஒரு வார்த்தை கேட்டால் அன்றைக்கே மாட்டிவிடுவேன். ஒரு வார்த்தை. "மச்சான், அந்தப் போர்டு எங்க" என்று கேட்டால் போதும். சாக்கு இங்கேயே, கண்ணில் படுகிற இடத்திலேயேதான் கிடக்கிறது. நான் ஒளித்து வைக்கவில்லை.

கேட்க மாட்டார். அப்படி ஒரு மனிதர்.

ஒரு ஞாயிறு நிஜமாகவே கரண்ட் போயிற்று. போன் போட்டேன். "செக்‌ஷன் ஆபீஸ், சொல்லுங்க" என்றார். அவர் குரலை அப்படிக் கேட்டு எனக்கு என்னவோ போலிருந்தது. "மாப்ள, நான்தான்" என்றேன். "சொல்லுங்க மச்சான், கரண்ட் இல்லீங்களா? டிரான்ஸ்பார்மர்ல வேலை நடக்குது, பத்து நிமிஷத்துல வந்துரும்" என்றார். வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு கரண்ட் போகவில்லை.

நீங்கள் சிரிக்கக் கூடாது. நான் மீட்டர் பெட்டியைத் திறந்து மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டேன். சும்மா கூப்பிட்டால் என்ன பேசுவது? கரண்ட் இல்லை என்றால் அதைப் பேசலாம். "கரண்ட் இல்ல மாப்ள" என்றேன். "உங்க தெருவுல வேற யாரும் கூப்பிடலையே மச்சான். சரி, ஆள் அனுப்புறேன்" என்றார். "ஞாயித்துக்கிழம லீவு போட முடியாதுங்களா?" என்று கேட்டேன். "ஆள் இல்லீங்க மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளையன் என்று புது லைன்மேன் வந்தான். கம்பத்தில் ஏறினான், பார்த்தான், இறங்கினான். வேர்த்து விட்டது அவனுக்கு. வீட்டுக்குள் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, "மெயின் ஆஃப்ல இருக்குங்க சார். யாரோ எறக்கி விட்டுருக்காங்க" என்றான்.

"புள்ளைங்க வேலையா இருக்கும்" என்றேன்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் ஓசூரில் வேலை பார்க்கிறார்கள். வசுமதி அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவன் போன பிறகு, "ஏங்க, போன் பண்ணிப் பேசுறதுக்கு எதுக்குங்க ஒருத்தனக் கம்பத்துல ஏத்துறீங்க? போய்ப் பாத்துட்டு வர வேண்டியதுதானே, ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்காங்க" என்றாள். பெண்களுக்கு எல்லாமே ரெண்டு தெரு தள்ளித்தான்.

போன ஞாயிறு, விளம்பரம் கொடுப்பதற்கு முந்தின நாள், மறுபடியும் மெயினை இறக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். காலையில் வண்டியில் கடைக்குப் போய்விட்டு வந்து வாசலில் நிறுத்தினேன், நேராகப் பெட்டிக்குப் போனேன்.

"கரண்ட் இல்ல மாப்ள."

அந்தப் பக்கம் அவர் தலைக்கு மேல் ஆபீஸ் மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது, எனக்குக் கேட்கிறது. "வர்றேங்க மச்சான்" என்றார். ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை.

பூங்கோதையின் ஸ்கூட்டரில் வந்தார். இந்த வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார், வேறு இடம் இல்லை. கம்பத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்து மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

சாக்கு அங்கே கிடக்கிறது, வழியை அடைத்துக்கொண்டு. அதை நகர்த்தாமல் பெட்டியைத் திறக்க முடியாது, நீங்களே பாருங்கள். அவர் குனிந்து சாக்கைத் தூக்கினார். உள்ளே இரும்பும் இரும்பும் இடித்துக்கொண்ட சத்தம் வந்தது. சாக்கின் வாய் கட்டியிருக்கவில்லை. போர்டின் கறுப்பு ரப்பர் வெளியே தெரிந்தது. பார்க்காமல் இருக்க முடியாது. சாக்கைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியம். 'மார்ட்டின வரச் சொல்லட்டுங்களா மாப்ள?' இதில் மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா ஒரு கேள்வி. வசுமதி தண்ணீர்ச் சொம்போடு கதவோரம் நின்று என்னையே பார்க்கிறாள்.

"மழ வருங்களா மாப்ள?" என்றேன்.

"சாயங்காலம் வரும் மச்சான். மேக்கால இருட்டிக்கிட்டிருக்கு" என்றார்.

சாக்கை ஓரமாக வைத்தார். பெட்டியைத் திறந்து மெயினை ஏற்றினார். மின்விசிறி சுற்றியது, உள்ளே ஃப்ரிட்ஜ் உறுமியது. பெட்டியை மூடினார். சாக்கைத் தூக்கி, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். சொம்பை வாங்கித் தண்ணீர் குடித்தார். வசுமதியிடம், "மூட்டு வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். "உங்க மச்சானுக்குத்தாண்ணா வலி, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அவள். அவர் லேசாகச் சிரித்துவிட்டு வாசலுக்குப் போனார்.

நானும் பின்னாலேயே போனேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். ஸ்கூட்டருக்கும் இந்த வண்டிக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்கிற இடத்தில் நின்றார். பிறகு குனிந்து, டேங்குக்கு அடியில் கையை விட்டு, திறந்து கிடந்த பெட்ரோல் காக்கைத் திருகி மூடினார். கையை பேண்டில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தார்.